பருக்குழிகளைச் சொந்த உடலின் திசுக்களால் நிரப்பிக்கொள்வது: வடசென்னையில் சிகிச்சை தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

பரு ஆறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் கன்னத்தில் நிற்கும் குழிகளை, பள்ளத்தை நிரப்பத் தோலடியில் ஊசியால் செலுத்தும் செயற்கை ஃபில்லருக்குப் பதிலாக, அவரவர் உடலிலிருந்தே எடுக்கும் கொழுப்பு, இரத்த பிளாஸ்மா, காதுக்குப் பின்னுள்ள தோல் ஆகியவற்றைக் கொண்டு மேலெழுப்பும் சிகிச்சைகளைப் பற்றி வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூரிலும் திருவொற்றியூரிலும் இளைஞர்கள் இப்போது நிறையவே விசாரிக்கிறார்கள். நம் சதைதானே, நமக்கு என்ன செய்துவிடப் போகிறது என்ற நம்பிக்கையோடுதான் பெரும்பாலோர் போகிறார்கள். அந்த நம்பிக்கை பாதி சரி. சொந்தத் திசுவை உடல் ஒதுக்கித் தள்ளாது, ஒவ்வாமையும் அநேகமாக வராது. ஆனால் ஊசி போகும் பாதையில் இருக்கும் இரத்தக் குழாய்க்கு, உள்ளே வருவது யாருடைய சதை என்ற வேறுபாடு கிடையாது. குழியின் அடியில் எது இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் மேலே எதை நிரப்பினாலும் பணம்தான் கரையும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில் குழியைப் பாருங்கள்

மாலையில் அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, கைபேசியின் டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் காது ஓரமாகப் பிடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். நேர்வெளிச்சத்தில் மறைந்திருக்கும் குழிகள் எல்லாம் நிழல் கட்டித் தெரியும். இப்போது இரண்டு விரல்களால் தோலை மெல்ல இருபுறமும் இழுத்துப் பிடியுங்கள். இழுத்ததும் சமமாகிவிடும் அகலமான, ஓரம் தெளிவில்லாத பள்ளங்கள் ஒரு வகை. ஆங்கிலப் பெயரில் ரோலிங் தழும்பு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இவை பெரும்பாலும் 4 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானவை. இழுத்தாலும் மறையாமல், அம்மைத் தழும்பு போல நேர்ச்சுவரோடு நிற்பவை பாக்ஸ்கார். ஊசியால் குத்தியது போல 2 மில்லிமீட்டருக்கும் குறுகலாக, ஆழமாக இறங்குபவை ஐஸ்பிக். ஒரே முகத்தில் மூன்றும் கலந்திருப்பதே வழக்கம்.

சொந்தத் திசுவை ஃபில்லராகப் பயன்படுத்துவதற்கு நன்றாக இடம்கொடுப்பவை முதல் வகைக் குழிகளும், பரு தோலடிக் கொழுப்பையே தின்றுவிட்டதால் கன்னமே ஒட்டிப்போன இடங்களும்தான். ரோலிங் குழியின் அடியில் நார்த் திசுக்கள் தோலைக் கீழே கட்டி இழுத்திருக்கும். இலவம்பஞ்சு மெத்தையில் நூல் போட்டு முடிந்த இடம் அமுங்கி நிற்பதைப் போன்றது அது. நூலை அறுக்காமல் எவ்வளவு பஞ்சு திணித்தாலும் முடிச்சைச் சுற்றித்தான் உப்புமே தவிர முடிச்சு மேலே வராது. அதனால்தான் பக்கத்திலிருந்து ஊசியையோ முனை மழுங்கிய மெல்லிய குழலான கேனுலாவையோ செலுத்தி அந்த நார்களை அறுக்கும் சப்சிஷன் என்ற சிறு அறுவை முறை, நிரப்புவதற்கு முன்போ நிரப்பும்போதோ செய்யப்படுகிறது. 1995 முதல் இந்தப் பெயரில் வழங்கிவரும் இம்முறையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல் உடனே நிரப்பிவிடலாம் என்று சொல்லும் இடத்தில் நான் இரண்டாவது கருத்தைக் கேட்கவே சொல்வேன். ஐஸ்பிக் குழிக்குள் கொழுப்பையோ பிளாஸ்மாவையோ செலுத்துவதில் பயனில்லை. அதற்கு அடர் டிசிஏ அமிலத்தைக் குழிக்குள் மட்டும் ஒரு புள்ளியாகத் தொட்டு வைப்பதும், பஞ்ச் என்ற சிறு வட்டக் கத்தியால் குழியையே வெட்டியெடுப்பதும் வேறு வழிகள்.

சிகிச்சைக்கு முன் முடிக்க வேண்டியவை

புதிய பரு வந்துகொண்டிருக்கும்போது குழியை நிரப்பக் கூடாது. ஒரு பக்கம் நிரப்ப, மறுபக்கம் புதுக் குழி விழும். சில மாதங்களாவது பரு அடங்கியிருக்க வேண்டும் என்றுதான் மருத்துவர்கள் கேட்பார்கள். நம் பகுதியில் இதற்குக் குறுக்கே நிற்கும் பெரிய இடையூறு, முகம் வெளுக்க வேண்டும் என்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகள். பீட்டாமெத்தாசோன், குளோபெட்டாசால் போன்றவை சேர்ந்த களிம்பை மாதக்கணக்கில் தடவிய முகத்தில் தோல் மெலிந்து, நிறுத்தியதும் பரு கொத்தாகக் கிளம்பும். அப்படி ஒன்றைப் பூசியிருந்தால் வெட்கப்படாமல் அந்தக் குழாயையே கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2017-க்குப் பிறகு வந்த நிபுணர் குழுக்களின் பரிந்துரைகள் பல சிறு சிகிச்சைகளுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை என்கின்றன. எனினும் எப்போது தொடங்கி எப்போது நிறுத்தினீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு, முடிவை மருத்துவரிடமே விடுவது நல்லது.

இடது தோளில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடத்தையும் காது குத்திய இடத்தையும் தடவிப் பாருங்கள். அங்கே தோல் தடித்து, வழுவழுப்பாகப் புடைத்து வளர்ந்திருந்தால் உங்களுக்குக் கீலாய்டு வரும் இயல்பு இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு முகத்தில் வெட்டும் சிகிச்சைகளை மருத்துவர் இரண்டு முறை யோசித்துத்தான் செய்வார். சர்க்கரை நோய், இரத்த சோகை, உதட்டில் அடிக்கடி வரும் அக்கிக் கொப்புளம், கர்ப்பம், புகைப் பழக்கம் எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லுங்கள். மழைக்காலத்தில் டெங்கு வந்து தட்டணுக்கள் குறைந்தவர், எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்ததை இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்யாமல் பிளாஸ்மா சிகிச்சைக்குப் போவதில் பொருளே இல்லை; அந்தச் சிகிச்சையின் முதலே தட்டணுக்கள்தான். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக அதை நிறுத்திவிடக் கூடாது. தலைவலிக்கும் உடம்புவலிக்கும் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைப் பிளாஸ்மா சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம்.

எந்தத் திசு, எந்தக் குழிக்கு

மிகப் பரவலாகக் கிடைப்பது பிஆர்பி, அதாவது தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. கையிலிருந்து 10 முதல் 20 மில்லிலிட்டர் வரை இரத்தம் எடுத்து, உறையாமலிருக்கும் மருந்து அடங்கிய குழாயில் விட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றுவார்கள். சுழன்று நின்ற குழாயை வெளியே எடுக்கும்போது நீங்களே பார்க்கலாம்: அடியில் கருஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் தெளிநீர், இரண்டுக்கும் நடுவே நூலளவு வெண்படலம். அந்தப் படலத்தை ஒட்டிய தெளிநீரில்தான் தட்டணுக்கள் செறிந்திருக்கும். இதைக் குழிகளின் அடியில் ஊசியால் செலுத்துவதோடு, நுண்ணூசிகளால் துளையிடும் மைக்ரோநீட்லிங் செய்த தோலின் மேலும் பூசுகிறார்கள். மூன்று நான்கு வார இடைவெளியில் மூன்று அல்லது நான்கு முறை செய்வது பொதுவான நடைமுறை. ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிஆர்பி ஒரு நீர்மம். செலுத்திய அன்று குழி மேலெழுந்தது போலத் தோன்றுவது அந்த நீரின் பருமனும் வீக்கமும்தான், சில நாட்களில் அது வடிந்துவிடும். அதன் உண்மையான வேலை, தட்டணுக்கள் விடுவிக்கும் வளர்ச்சிக் காரணிகள் தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகத் தூண்டுவது. அது மாதக்கணக்கில், சிறிதளவே நடக்கும். அடுத்த நாள் படத்தைக் காட்டிக் குழி நிரம்பிவிட்டது என்பவரை நம்ப வேண்டாம்.

பிஆர்எஃப் என்பது இதன் உறவு முறை. இதில் உறையாமை மருந்து சேர்ப்பதில்லை, சுழற்சியும் மெதுவானது. எடுத்த சில நிமிடங்களில் அது தானே உறைந்து ஃபைப்ரின் என்ற புரத இழைகளின் வலையாகிவிடும் என்பதால், இரத்தம் எடுப்பவரும் ஊசி போடுபவரும் ஒரே அறையில் தயாராக நிற்க வேண்டும். சப்சிஷன் செய்து விடுவித்த இடத்தில் இதைச் செலுத்தினால், அறுந்த நார்கள் மீண்டும் ஒட்டிக்கொள்வதற்கு இடையே ஒரு தடுப்பாகச் சில காலம் நிற்கும். பிளாஸ்மாவைச் சூடாக்கிக் கூழாக்கிச் செலுத்தும் முறையும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியும்படி நிரப்பும், ஆனால் நிலைக்காது.

நீடித்து நிற்கக்கூடிய நிரப்பல் என்றால் அது கொழுப்புதான். 1893-லேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் குஸ்டாவ் நாய்பர், கையிலிருந்து எடுத்த சிறு கொழுப்புத் துண்டுகளை முகத்தில் பள்ளம் விழுந்த தழும்புக்கு அடியில் வைத்துப் பார்த்தார். இன்றைய முறை வேறு. தொப்புளுக்கு அருகிலோ உள்தொடையிலோ லிக்னோகெயினும் அட்ரினலினும் கலந்த நீரைச் செலுத்தி மரத்துப்போகச் செய்து, சில மில்லிமீட்டர் துளை வழியாக மெல்லிய கேனுலாவை நுழைத்து, கையால் இழுக்கும் சிரிஞ்சின் மென்மையான உறிஞ்சலில் கொழுப்பை எடுப்பார்கள். சிரிஞ்சை நிமிர்த்தி வைத்தோ சுழற்றியோ விட்டால் மேலே எண்ணெய், நடுவே வெண்ணெய் நிறக் கொழுப்பு, அடியில் இரத்தம் கலந்த நீர் என்று பிரியும். மேலும் கீழும் உள்ளதைக் கொட்டிவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்வார்கள். உடைந்த செல்களின் எண்ணெய் உள்ளே போனால் அழற்சிதான் மிஞ்சும்.

கொழுப்பைச் செலுத்தும் விதத்தில்தான் கைத்திறன் இருக்கிறது. புதிய இடத்துக்கு வந்த கொழுப்புச் செல்லுக்கு முதல் சில நாட்களுக்கு இரத்த ஓட்டம் இராது. சுற்றியுள்ள திசுவிலிருந்து கசியும் பிராணவாயுவில்தான் அது உயிர்பிடிக்க வேண்டும். ஆகவே, முனை மழுங்கிய கேனுலாவைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே, வெவ்வேறு ஆழங்களில், மிக மிகச் சிறு துளிகளாக வைத்துக்கொண்டு வர வேண்டும். ஒரே இடத்தில் உருண்டையாக விட்டால் நடுப்பகுதி செத்து, கட்டியாகவோ எண்ணெய்ப் பையாகவோ மாறிவிடும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வைத்ததெல்லாம் நிற்பதில்லை. நிலைக்கும் அளவை வெவ்வேறு ஆய்வுகள் 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை காட்டுகின்றன. மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதே உங்களுக்கானது. மேலும், வயிற்றிலிருந்து வந்த கொழுப்பு கன்னத்திலும் வயிற்றுக் கொழுப்பாகவே நடந்துகொள்ளும். பிற்பாடு உடல் எடை ஏறினால் அந்த இடமும் பருக்கும், எடை குறைந்தால் வற்றும். ஆகவே எடையைக் குறைக்கும் முயற்சியில் பாதியில் இருப்பவர்கள், எடை நிலைத்த பிறகு இதைச் செய்துகொள்வது நல்லது.

2013-இல் வெளியான நானோஃபேட் முறையில் கொழுப்பை இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே பலமுறை தள்ளிக் குழம்பாக்கி வடிகட்டுகிறார்கள். அதில் முழுக் கொழுப்புச் செல்கள் மிஞ்சுவதில்லை. பருமனைக் கொடுக்காது, மேலடுக்குத் தோலின் தரத்தையும் நிறத்தையும் சீராக்கவே அது. இதையே ஸ்டெம் செல் சிகிச்சை என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யும் இடம் இருந்தால் அங்கிருந்து திரும்பிவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற சிகிச்சைகள் தவிர, ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு கொடுக்கக் கூடாது.

அதிகம் பேசப்படாத, ஆனால் என் பார்வையில் நம்மூருக்குப் பொருத்தமான ஒரு முறை டெர்மல் கிராஃப்ட். காதுக்குப் பின்னால், முடி மறைக்கும் இடத்தில், மேல்தோலைச் சுரண்டி நீக்கிவிட்டு அடித்தோலில் ஒரு கீற்றை எடுத்து, குழியின் அளவுக்குச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, முன்கூட்டியே சப்சிஷன் செய்து உண்டாக்கிய பைக்குள் சொருகிவிடுவார்கள். கனமான இயந்திரமோ விலையுயர்ந்த கிட்டோ வேண்டியதில்லை, பொறுமையான கை போதும். வட்டமான சில பெரிய ரோலிங் குழிகள் மட்டும் உள்ளவருக்கு இது நிலைத்த பலன் தரும். மேல்தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போனாலும் உள்ளே நீர்க்கட்டி உருவாகும் என்பதுதான் கவனிக்க வேண்டிய சிக்கல். பஞ்ச் கிராஃப்ட்டில் ஆழமான குழியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னிருந்து அதைவிடச் சற்றே பெரிய தோல் வட்டத்தை அங்கே பதிப்பார்கள். நிறம் முழுதும் ஒத்துப்போகாமல் புள்ளியாகத் தெரியக்கூடும் என்பதால் எல்லாக் குழிக்கும் இதைக் கேட்காதீர்கள்.

எங்கே காட்டுவது, என்ன கேட்பது

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிமார் சொன்ன ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவும் இருக்கின்றன. தனியாரிடம் செய்துகொள்ளப் போகிறவர்களும் முதலில் காலை நேர ஓ.பி.யில் சீட்டு வாங்கிக் காத்திருந்து, குழி எந்த வகை, பரு அடங்கிவிட்டதா, கீலாய்டு இயல்பு உண்டா என்ற மூன்றையும் அங்கே கேட்டுக்கொண்டு வரலாம். விற்பதற்கு எதுவும் இல்லாத மருத்துவரின் கருத்து, பிறகு எந்தக் கிளினிக்கில் உட்கார்ந்தாலும் உங்களுக்குத் துணை நிற்கும்.

தனியார் இடம் என்றால், செய்யப்போகிறவர் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ முடித்தவரா, கொழுப்பு மாற்றம் என்றால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். முடித்தவரா அல்லது தோல் அறுவையில் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவெண்ணைக் கேட்பதில் தவறேதும் இல்லை. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிறுவனம் பதிவுசெய்திருக்க வேண்டும், அந்தச் சான்று சுவரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பியூட்டி பார்லரில் இரத்தம் எடுத்து ஊசி போட அனுமதிக்கவே கூடாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஒரு அழகு நிலையத்தில் இந்தப் பிளாஸ்மா ஊசியால் வாடிக்கையாளர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. ஊசியும் குழாயும் உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட வேண்டும். இரத்தக் குழாயில் உங்கள் பெயர் எழுதப்பட வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு பேருக்குச் சுழலும் இயந்திரத்தில் பெயரில்லாத குழாய் சுழல்வதைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் கட்டியிருந்தாலும் சரி.

செலவை மொத்தமாகக் கேட்காமல், சப்சிஷனுக்கு எவ்வளவு, ஒரு முறைக்கு எவ்வளவு, எத்தனை முறை, மறுபரிசோதனைக்குத் தனிக் கட்டணமா என்று பிரித்துக் கேட்டு எழுதி வாங்குங்கள். அழகுக்கான சிகிச்சை என்று வகைப்படுத்தப்படுவதால் மருத்துவக் காப்பீட்டில் இதற்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது.

திருமணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பெண்ணையோ பையனையோ அழைத்துக்கொண்டு போகும் வழக்கத்தைப் பெற்றோர் விட்டுவிட வேண்டும். நிரப்பிய முகம் முதல் இரண்டு வாரம் கன்றியும் வீங்கியும்தான் இருக்கும். தை மாத முகூர்த்தம் என்றால் ஆடியிலேயே தொடங்குங்கள். ஆறு மாத இடைவெளி கிடைக்கும், கத்திரி வெயிலும் முடிந்திருக்கும்.

அன்றும் அதன் பிறகும்

காலையில் நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுச் செல்லுங்கள். பூசியவுடன் மரத்துப்போகாது, மரப்புக் களிம்பு வேலை செய்ய 45 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால் அவசரப்படுத்தாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இருசக்கர வாகனத்தில் திரும்பும்போது முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட்டின் பஞ்சு கன்னத்தை அழுத்தும், புதிதாக வைத்த கொழுப்பு இடம் மாறும். அன்றைக்கு மெட்ரோவோ ஆட்டோவோ போதும்.

முதல் நாள் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முகத்தைத் துடையுங்கள். கடலோரத் தெருக்களில் போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீர் புண்ணான தோலுக்கு எரிச்சல் கொடுக்கும். மஞ்சள், எலுமிச்சை, கற்றாழை எதையும் வீட்டில் அரைத்துப் பூச வேண்டாம். பெரியவர்கள் அன்பால்தான் சொல்வார்கள், ஊசித் துளை மூடும்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொழுப்பு வைத்தவர்கள் சில வாரங்களுக்கு முகத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. சலூனில் முடிவெட்டிய பின் செய்யும் முக மசாஜை இரண்டு மாதமாவது தவிருங்கள். குப்புறப் படுக்காதீர்கள், ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். புகைத்தால் புதிய இரத்தக் குழாய் வளர்வது தடைப்பட்டு வைத்த கொழுப்பு வீணாகும்.

நம் நிறத் தோலில் காயம் ஆறும்போது கருமை தங்குவது இயல்பு. காசிமேட்டில் படகோரம் நிற்பவர், எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவர், எம்.சி. ரோடு நடைபாதையில் கடை போட்டிருப்பவர் என்று பகல் முழுவதும் வெயிலில் நிற்க வேண்டிய தொழில் இருந்தால், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை வியர்வை துடைத்த பின் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டாலும் தவறில்லை, அந்தத் துணி அன்றன்று துவைத்ததாக இருக்கட்டும்.

ஆபத்தின் அறிகுறிகளை மட்டும் வீட்டில் அனைவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஊசி போட்ட அந்தக் கணமோ சற்றுப் பிறகோ பொறுக்க முடியாத வலி, தோல் சட்டென வெளுத்துப்போவது, பிறகு நீலமாக வலைபோல் படர்வது, கண் மங்குவது, இமை தொங்குவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது ஆகியவை கொழுப்பு இரத்தக் குழாய்க்குள் போய்விட்டதைக் காட்டக்கூடும். ஹயலூரானிக் அமில ஃபில்லர் அடைத்தால் அதைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற நொதி இருக்கிறது, கொழுப்பைக் கரைக்க அப்படி ஒன்று இல்லை. முகத்தில் செலுத்தும் பொருட்களால் நேர்ந்த பார்வை இழப்புகளில் சொந்தக் கொழுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. புருவ நடுவும் மூக்கும் நெற்றியும் மிக ஆபத்தான இடங்கள். நிமிடங்களில் கணக்கிட வேண்டிய நிலை இது. கிளினிக்கில் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, கண்ணில் மாற்றம் இருந்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு விரையுங்கள். மூன்றாம் நாளுக்கு மேல் வலியும் சிவப்பும் கூடிக்கொண்டே போவது, சீழ், காய்ச்சல் ஆகியவை தொற்றின் அடையாளம். செய்த மருத்துவரை அன்றே பாருங்கள்.

பலனை அளக்க, சிகிச்சைக்கு முன் எடுத்த அதே இடத்தில், அதே பக்கவாட்டு டார்ச் வெளிச்சத்தில், மாதம் ஒருமுறை படம் எடுத்து வையுங்கள். ஐம்பது சதவீத முன்னேற்றம் என்பதே நல்ல பலன். குழியே இல்லாத கன்னத்தை எந்த நேர்மையான மருத்துவரும் உறுதி சொல்ல மாட்டார். கொழுப்பு வைத்தவர்கள் ஆறு மாதம் முடியும் முன் இரண்டாவது முறைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். அதற்குள் நின்றது எவ்வளவு, கரைந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அப்போதும் எஞ்சியிருப்பவை ஐஸ்பிக் குழிகளாக மட்டும் இருந்தால், மேலும் நிரப்பச் சொல்லாமல் அவற்றுக்கு டிசிஏ அல்லது பஞ்ச் முறையைப் பற்றிக் கேளுங்கள்.